வலது ஓரத்துக் குடித்தனக்காரர்கள்

அனுப்புநர்:
டைப்பிங், டிடிபி, தீசிஸ் பைண்டிங் கடைக்காரர்,
தேரடி அருகில்,
சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
பெயர் சொல்ல விரும்பாத ஒரு பல்கலைக்கழகம்.

பொருள்: முனைவர் பட்ட ஆய்வேடுகளின் வலது ஓரத்தில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் கமெண்டுகளைக் காலி செய்து தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் கோப்புகள் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் கைடு கரெக்‌ஷன்', 'இதுதான் ஃபைனல்'.

ஐயா,

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஒரு ஆய்வேட்டை ஒரே தடவையில் அடித்து, ஒரே தடவையில் அச்செடுத்துக் கொடுத்துவிட்டால் என் கடை கரண்ட் பில்லுக்குக்கூடக் காணாது. தங்கள் பேராசிரியர்கள் போடும் கமெண்டுகளால்தான் டோனர் தீருகிறது, தாள் தீருகிறது, என் பிழைப்பு ஓடுகிறது. ஆகவே இதைக் குறை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாடிக்கையாளர் நலன் என்று எடுத்துக்கொள்ளவும்.

எங்கள் ஊர்த் தறிக்காரர் வீட்டுப் பெண்பிள்ளை ஒன்று தங்களிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறது. ஆய்வு, இங்குள்ள விசைத்தறித் தொழிலாளர்களைப் பற்றி. தறிச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை. வீடு வீடாகப் போய்க் கூலி, கடன், காது மந்தம் எல்லாம் கேட்டு எழுதியிருக்கிறது. நானும் அடித்துக்கொண்டே படித்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான்காம் அத்தியாயத்தின் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. 'தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில்' என்று அது எழுதியிருந்தது. அதன்மேல் ஒரு கமெண்ட்: 'தரவு 2018இல் திரட்டப்பட்டது. அப்போது திருநெல்வேலி மாவட்டம். திருத்துக.' நியாயம்தான், தென்காசி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 22இல். திருத்தினோம். அடுத்த சுற்றில் அதே வரியில் இன்னொரு பெட்டி: 'தற்போதைய மாவட்டப் பெயர்கூடத் தெரியாதா? தென்காசி எனத் திருத்துக.' அதுவும் நியாயம்தான். திருத்தினோம். மூன்றாம் சுற்றில் முதல் கமெண்டே திரும்பவும் வந்து உட்கார்ந்திருக்கிறது, இந்த முறை இரண்டு ஆச்சரியக்குறியோடு.

எங்கள் ஊருக்கு இந்தப் பஞ்சாயத்து புதிதில்லை, ஐயா. சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று மல்லுக்கு நின்றார்களாம். கோமதி அம்மாள் தபசு இருக்க, சிவனும் திருமாலும் ஒரே திருமேனியில், வலப்பக்கம் சிவன் இடப்பக்கம் திருமாலாகக் காட்சி கொடுத்தார்கள் என்பது தல புராணம். சாமிகளே ஒரே பிரதியில் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் காரியத்தை முடித்துவிட்டார்கள். தங்கள் நிபுணர்கள் இரண்டு பேரும் ஒரு ஃபோன் போட்டுப் பேசிக்கொள்ளக் கூடாதா? யுஜிசியின் 2022 விதிமுறைப்படி முனைவர் பட்டத்துக்கு 6 ஆண்டு, மறுபதிவு செய்தால் 8, பெண்களுக்கு 10 வரை. ஆக, பத்து ஆடித் தபசுத் திருவிழா வரை அந்தப் பிள்ளை காத்திருக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. தாங்கள் அதை முழுசாகப் பயன்படுத்திக்கொள்வீர்கள் என்றுதான் எனக்குப் பயம்.

சரி, சொன்னது யார் என்று பார்த்துக் கேட்டுவிடலாம் என்றால், அதற்கும் வழியில்லை. வேர்டில் கமெண்ட் போடுகிறவர் பெயர் தானாக விழும். எந்தக் கம்ப்யூட்டரில் என்ன பெயர் பதிந்திருக்கிறதோ அந்தப் பெயர். தங்கள் துறையில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் பதிந்திருக்கும் பெயர் 'யூசர்'. கைடும் யூசர், துறைத் தலைவரும் யூசர், அலுவலக உதவியாளரும் யூசர். 'இந்தப் பத்தி தேவையில்லை' என்கிறார் யூசர். 'இதுதான் ஆய்வின் உயிர்' என்று கீழேயே பதில் போடுகிறார் யூசர். 'கவனிக்கவும்' என்று முடிக்கிறார் யூசர். கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம். தாலுகா ஆபீஸ் நோட் ஷீட்டில்கூட, குறிப்பு எழுதிய கிளார்க் தேதி போட்டு இனிஷியல் வைக்கிறார். பின்னால் யார் கேட்டாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். படித்தவர்கள் மட்டும் ஓரத்தில் நின்று கல்லெறிந்துவிட்டு யூசர் ஆகிவிடுகிறீர்கள்.

இன்னொரு ஐயா இருக்கிறார். இன்றைக்கும் வானவில் எழுத்துருவில்தான் அடிப்பார். யூனிகோடைத் தர நிலையாக ஏற்று 2010இலேயே தமிழக அரசு அரசாணை போட்டாகிவிட்டது. அந்தச் செய்தி அவர் அறைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. உள்ளே இருக்கும் பக்கத்தில் என்றால் எழுத்துருவை மாற்றிப் படித்துவிடலாம். புதிய வேர்டின் கமெண்ட் பெட்டிக்குள் அந்தப் பருப்பு வேகாது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சதவீதக் குறியுமாக மூன்று வரி நிற்கும். அதை வெட்டி எடுத்து, வெளியே ஒட்டி, வானவில்லுக்கு மாற்றிப் பார்த்தேன். 'தெளிவாக எழுதவும்' என்று இருந்தது.

(வாட்ஸ்அப்பில் சிவப்பு மையோடு ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறவர்கள் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. கட்டைவிரல் மறைத்த பகுதியில் என்ன இருந்தது என்று தெரிந்தபிறகு தனியாக எழுதுகிறேன்.)

அடுத்தது, போன கமெண்ட் போய்விட்டதா என்ற கேள்வி. 'ரிவ்யூ'வில் போய் 'நோ மார்க்கப்' என்று வைத்துவிட்டு, எல்லாம் தீர்ந்தது என்று ஸ்காலர்கள் அனுப்புகிறார்கள். அது மறைக்கத்தான் செய்யும், அழிக்காது. 'ரிசால்வ்' போட்டாலும் கமெண்ட் மங்கும் அல்லது ஒதுங்கும், அவ்வளவுதான். 'அக்செப்ட் ஆல்' அமுக்கினால் ட்ராக் சேஞ்சஸில் விழுந்த திருத்தங்கள் ஏறும். கமெண்ட் அசையாது, அதைத் தனியாக 'டெலீட்' செய்ய வேண்டும். இது தெரியாமல் ஒரு ஸ்காலர் ஐந்து பிரதி, தங்க எழுத்துப் போட்டுக் கெட்டி அட்டை பைண்டிங் செய்துவிட்டார். உள்ளே பக்கம் எல்லாம் சுருங்கி, வலது ஓரத்தில் வரிசையாகப் பெட்டிகள். ஒன்றில் 'இதை யார் எழுதிக் கொடுத்தது?' என்று கேட்டிருந்தது. வேறு ஊர்க் கடை, ஐயா. என் கடையில் இது நடக்காது.

உலக அளவிலேயே நடந்திருக்கிறது, நம்ம ஸ்காலரை மட்டும் குறை சொல்லி என்ன? 2005 அக்டோபரில், லெபனானின் முன்னாள் பிரதமர் ஹரீரி கொலை பற்றி மெஹ்லிஸ் தலைமையில் ஐநா விசாரித்த அறிக்கை வேர்டு கோப்பாக வெளிவந்தது. திருத்தங்களைத் திறந்து பார்த்த பத்திரிகைக்காரர்கள், கடைசி நேரத்தில் நீக்கப்பட்ட பெயர்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதில் அன்றைய சிரியா அதிபரின் தம்பி பெயரும் ஒன்று. அதற்கு முன்பு 2003இல் பிரிட்டன் பிரதமர் அலுவலகம் ஈராக் பற்றி விட்ட வேர்டு கோப்பு, தன்னைக் கடைசியாகத் தொட்டவர்கள் யார் யார் என்று தானே ஊருக்குச் சொல்லிவிட்டது. நாடாளும் ஆபீசுகளே மாட்டிக்கொண்டன. தங்கள் ஆராய்ச்சிப் பிரிவுக்கும் அந்தப் புகழ் கிடைக்க வேண்டும் என்றால் இப்படியே தொடரலாம்.

குற்றம் சொல்வதே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற்பாண்டியன் அவையில் அரங்கேறியபோது, அதங்கோட்டாசான் குற்றம் குற்றமாக எடுத்துப் போட்டார். தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார் என்று நச்சினார்க்கினியர் எழுதுகிறார். அந்த நூலைக் கேட்காதே என்று அதங்கோட்டாசானிடம் ஆசிரியர் அகத்தியரே முன்கூட்டிச் சொல்லிவைத்தார் என்பதும் அதே கதையில்தான் வருகிறது. கைடு அரசியல் அந்தக் காலத்திலேயே உண்டு. ஆனாலும் அதங்கோட்டாசான் எதிரே உட்கார்ந்து, சொந்தப் பெயரில் கேட்டார். பதிலைக் காதில் வாங்கினார். பதில் சரி என்றதும் நூல் அரங்கேறியது. கேட்ட கேள்வியை மறந்துவிட்டு அடுத்த மாதம் அதையே திரும்பக் கேட்டதாக எந்த உரையிலும் இல்லை.

தங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. துறைக் கம்ப்யூட்டர்களில் அவரவர் பெயரைப் போடச் சொல்லுங்கள். 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்' என்று போனால் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். கமெண்டுகளை ஒரே கோப்பில், கைடு வழியாக மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். கைடு அவற்றை ஒருமுறையாவது படித்துப் பார்த்து, ஒன்றுக்கொன்று முட்டுவதை அவரே தீர்த்துவிட்டு அனுப்பட்டும். அதற்குத்தானே அவருக்குக் கைடு என்று பெயர். ஸ்காலர் பதில் எழுதிய கமெண்டை, போட்டவரே வந்து மூடட்டும். திறந்தது அவர், பூட்டுவதும் அவர். இவ்வளவு செய்தால் எனக்கு வருமானம் குறையும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

இதில் எதுவும் முடியாது என்றால், ஒன்றே ஒன்று செய்யுங்கள். அந்தப் பிள்ளையின் நான்காம் அத்தியாயம் முதல் வரியில் திருநெல்வேலியா, தென்காசியா என்று ஒரே ஒரு பதில், கையெழுத்தோடு. 'அன்றைய திருநெல்வேலி மாவட்டம், இன்றைய தென்காசி மாவட்டம்' என்று நான் ஒரு யோசனை சொல்லிப் பார்த்தேன். 'டைப் அடிப்பவர் கருத்துச் சொல்ல வேண்டாம்' என்று கமெண்ட் வந்தது. போட்டவர் யூசர்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைக்காரர்.

பின்குறிப்பு: இதை வேர்டு கோப்பாக அனுப்பவில்லை. தாளில் அச்செடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பியிருக்கிறேன். வலது ஓரத்தில் இடம் விடவில்லை.