வெடிப்பெட்டி மேலெழுத்து: ஒரு பூர்வாங்க ஆய்வு

சாத்தூர்-சிவகாசிச் சாலையின் வெடிக்கடைகளே களம். பெட்டியையும் அதன்மேல் ஒட்டும் பொய்யையும் ஒரே ஊர் அச்சடிப்பதால் மூலபாடச் சிக்கல் குறைவு.

படவியல்: லட்சுமி வெடியில் லட்சுமி இருக்கிறாள். மேலாய்வுக்கு இடமில்லை.

எண்ணியல்: பத்தாயிரம் வாலாவில் பத்தாயிரம் உண்டா? வெடித்தவற்றை எண்ண முடியாது. எண்ணியவற்றை வெடிக்க மனம் வராது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்கே தடை போட்டு இவ்வியலை முடித்துவைத்தது. அதே தீர்ப்பு பேரியம் உப்பையும் விலக்கியது. வாணவேடிக்கையில் பச்சை ஒளி தருவதே பேரியம்தான். ஆகவே பசுமைப் பட்டாசிலிருந்து பச்சையை எதிர்பார்ப்பவர் தீர்ப்பைப் படிக்காதவர்.

இனி, தள்ளுபடி. பெட்டியில் அச்சிட்ட விலை 1,000 ரூபாய், 80 சதவீதம் தள்ளுபடி, கொடுப்பது 200. அடுத்த கடையில் 90 சதவீதம் தள்ளுபடி. ஆனால் அங்கே அதே வெடிக்கு 2,000 ரூபாய் என்று அச்சாகியிருக்கும், கொடுப்பது அதே 200 (விலைப்பட்டியல், பக். 3). தள்ளுபடி வளர வளர விலையும் வளர்ந்து அதைத் தாங்கிக்கொள்கிறது (மேற்படி, சாத்தூர்ச் சேவு எண்ணெய் படிந்த படி, கறைக்குக் கீழ்). அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பதே சட்டம். எவ்வளவு கீழே இறங்கலாம் என்று அது வாய் திறக்கவில்லை. அந்த 1,000 ரூபாயை முழுதாகக் கொடுத்த மனிதர் எவரும் கிடைக்கவில்லை. இறங்குவதற்கென்றே ஏற்றிய விலை அது (ஒப்பிடுக: கல்லாவுக்கு அடியில் கண்டெடுத்த சிதைந்த படி, கரையான் அரித்த இலக்கங்கள் உரையாசிரியரின் ஊகம், அவ்வூகத்தை மறுக்கும் இன்னொரு கரையானுக்குப் பின்னட்டை காண்க).

இம்மரபின் தோற்றுவாய் எது? நூலின் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்தள்ளி, மறுப்பு வந்ததும் எழுநூறைத் தள்ளுபடி செய்து, மிச்சத்தைச் சாதனையாகக் காட்டும் வழக்கம் நம் புலவர்களிடம் உண்டு. வெடிக்கடை அவர்களிடம் கற்றதா, அவர்கள் வெடிக்கடையில் கற்றார்களா என்பது கருத்தரங்குக்கு உரியது. பயணப்படி உண்டு.

கள ஆய்வில் ஒரு கடைக்காரரிடம், “தள்ளுபடியெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி, நேர் விலையையே போட்டா என்ன?” என்று கேட்கப்பட்டது.

“போட்டுப் பாத்தேன் தம்பி. மட்டச் சரக்குன்னு அடுத்த கடைக்குப் போயிட்டாங்க.”

ஒரே வரியில் விளக்கிவிடுவதால் கட்டுரைக்குப் பக்கம் போதாமல் போகிறது. எனவே இத்தரவு நீக்கப்பட்டது.