எவ்வளவு குடுக்குது?

புதுக் கார் எடுத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துப் பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தியிருப்பீர்கள். தேங்காய் உடைத்து முடிப்பதற்குள் அவர் வந்துவிடுவார். நிறம் நன்றாக இருக்கிறதா, உள்ளே கால் நீட்ட இடம் உண்டா, பிரேக் எப்படிப் பிடிக்கிறது, ஏர்பேக் எத்தனை என்று ஒன்றும் கேட்க மாட்டார். பானட்டை இரண்டு தட்டு தட்டுவார்.

"எவ்வளவு குடுக்குது?"

எலுமிச்சம்பழத்தின் மேலேயே இன்னும் ஏறாத வண்டி எதைக் கொடுத்திருக்கும்? ஆனால் மாட்டுச் சந்தையில் மடியைப் பார்க்கிறவர் மாட்டின் முகத்தைப் பார்ப்பதில்லை. இந்தக் கேள்வியையே இந்தியில் விளம்பர வாசகமாக்கி மாருதி நிறுவனம் டிவியில் ஓடவிட்டது. நாடே சிரித்தது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பதில் சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். "பதினாறு" என்றால் துக்கம் விசாரிக்கும் குரலில், "சர்வீஸ்ல காட்டினீங்களா?" என்பார். "இருபத்திரண்டு" என்றால் நம்ப மாட்டார். "டவுன்லயா, ஹைவேலயா? ஏசி போட்டா, போடாமலா? டேங்க் டு டேங்க் பாத்தீங்களா, மீட்டர்ல பாத்தீங்களா?" என்று குறுக்கு விசாரணை தொடங்கிவிடும். எதைச் சொன்னாலும் அவருடைய வண்டி அதைவிட ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதலாகக் கொடுக்கும். சேலத்தில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட உறவினரை மனத்தில் வைத்து இதை எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம். நாமக்கல்லிலும் இருக்கிறார்கள்.

கார் வாங்கப் போகும்போது அவருக்கு வேதவாக்கு, 'அராய்' சான்றிதழ். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று புனேயில் இருக்கும் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் தரும் எண் அது. ஒரு கூடத்துக்குள் உருளைகளின் மேல் சக்கரத்தை ஓடவிட்டு, ஏசியை அணைத்துவிட்டு, குறிப்பிட்ட கால அட்டவணைப்படி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் எடுக்கிற அளவு. அந்தச் சோதனையில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர். அங்கே ஐந்து ரோடு சிக்னல் கிடையாது, குறுக்கே வரும் ஷேர் ஆட்டோ கிடையாது, பின்சீட்டில் மாமியாரும் ஒரு மூட்டை பொன்னி அரிசியும் கிடையாது. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல எண். வீட்டுக்குக் கொண்டுவர முடியாத எண். நானோ 23.6 கொடுக்கும் என்றார்கள், செலெரியோ 26.68 என்றார்கள், கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் 27.97 என்றார்கள். நம்மவருக்குத் தசமப் புள்ளிக்குப் பின்னாலிருப்பது வரை மனப்பாடம். பேரனின் பிறந்த நாளை மட்டும் அவர் மனைவிதான் ஞாபகப்படுத்த வேண்டும்.

அவருடைய மற்ற குணங்களை விட்டுவிடலாம். சீட்டில் ஷோரூம் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பது, டோல்கேட்டைத் தவிர்க்க மூன்று கிராமம் சுற்றுவது எல்லாம் ஊரில் பலருக்கும் உள்ளவைதான். அவரை அவராகப் பார்க்க வேண்டுமானால் பெட்ரோல் பங்க்குக்குப் போக வேண்டும்.

அதுவும் விடியற்காலையில். குளிர்ந்த பெட்ரோல் கெட்டியாக இருக்குமாம், லிட்டருக்குக் கூடுதலாகக் கிடைக்குமாம். இதில் அறிவியல் இல்லாமல் இல்லை. பத்து டிகிரி சூடேறினால் பெட்ரோல் ஏறத்தாழ ஒரு சதவீதம் விரியும். ஆனால் பங்க்கின் தொட்டி தரைக்கடியில் புதைந்து கிடக்கிறது. அங்கே விடியலும் நண்பகலும் ஏறக்குறைய ஒன்றுதான். இதை அவரிடம் சொன்னால், "உங்களுக்குத் தெரியாது" என்பார். வீட்டுப் பக்கத்தில் இருக்கும் பங்க்கில் போட மாட்டார். ஊரைத் தாண்டி ஒரு பங்க் இருக்கிறது, அங்கேதான் அளவு சுத்தம். அந்தச் சுத்தத்தை அடைய எரிந்த பெட்ரோல் எந்தக் கணக்கில் வரும் என்று கேட்கக் கூடாது.

"தம்பி, ஜீரோ பாத்துட்டேன், போடு."

கையில் போன வருடத்து எல்ஐசி டைரி. தேதி, ஓடோமீட்டர் எண், லிட்டர், ரூபாய் என்று நான்கு கட்டம் போட்ட பக்கங்கள். டேங்க் நிரம்புகிறது. 'டக்' என்று நாசில் தானாக நிற்கிறது.

"சார், ஆட்டோ கட் ஆயிடுச்சு. ரவுண்டா போட்டுக்கவா?"

"ரவுண்டெல்லாம் வேணாம். நுரை அடங்கட்டும், இன்னும் பிடிக்கும்."

நாசிலின் நுனியில் ஒரு சின்னத் துளை உண்டு. பெட்ரோல் மட்டம் ஏறி அந்தத் துளையை மூடியதும் உள்ளே காற்றோட்டம் தடைபட்டு விசை தானே விழுந்துவிடும். போதும் என்று வண்டி சொல்கிற இடம் அது. நம்மவருக்கு அங்கேதான் வேலை ஆரம்பம். காரை விட்டு இறங்கி, பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டுவார். ஊஞ்சல் மாதிரி வண்டி ஆடும். உள்ளே இருக்கும் மனைவியும் ஆடுவார். பழகிவிட்டதால் கையிலுள்ள காபி மட்டும் சிந்தாது. மறுபடியும் 'டக்'. மறுபடியும் ஆட்டல். பின்னால் நிற்கும் பால் வேன் ஹாரன் அடிக்கும். கடைசியில் மூடியின் விளிம்பு வரை பெட்ரோல் தளும்பும்போதுதான் அவர் முகத்தில் நிம்மதி. போன முறையும் இதே விளிம்பு வரை நிரப்பினார், ஆகவே கணக்குத் துல்லியம். பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கிற கரிப்பெட்டி ஒன்று வண்டிக்குள் இருக்கிறது, இப்படித் தளும்பத் தளும்ப அடைத்தால் அது பாழாகும், மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும் என்று வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். கையேடும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது.

பிறகு பானட்டின் மேல் டைரியை வைத்து வகுத்தல். கால்குலேட்டர் கிடையாது. 21.3 வந்தால் அன்று முழுக்கச் சாந்த சொரூபி. சர்க்கரை போட்ட காபிகூடக் குடிப்பார். 19.8 வந்தால் வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்காரும். "போன ஞாயித்துக்கிழமை வண்டியை எடுத்தது யாரு?"

மகன்தான் எடுத்திருப்பான். ஏசி போட்டிருப்பான்.

ஏசி அந்தக் காரில் உண்டு, விருந்தாளிகளுக்காக. மே மாதம் உளுந்தூர்ப்பேட்டை வெயிலில் குடும்பமே வெந்துகொண்டிருக்கும்போது, "கண்ணாடியை இறக்கினா இயற்கைக் காத்து" என்பார். வேகமாகப் போனால் திறந்த கண்ணாடியும் காற்றுத் தடையைக் கூட்டிப் பெட்ரோலைக் குடிக்கும் என்று மகன் வாதாடிப் பார்த்திருக்கிறான். அப்பா 55-ஐத் தாண்டுவதே இல்லை என்பதால் அந்த வாதம் எடுபடவில்லை. நான்கு வழிச் சாலையின் வலது தடத்தில், பின்னால் ஆம்னி பஸ் விளக்கைப் போட்டுப் போட்டுக் காட்ட, அவர் பாட்டுக்கு ஊர்வலம் போவார்.

இத்தனை பாடும் எவ்வளவுக்கு? கார் வாரம் முழுக்க உறை போட்டுத் தூங்குகிறது. வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். லிட்டருக்கு 20 கொடுத்தால் 250 லிட்டர். 18 கொடுத்தால் 278 லிட்டர். வித்தியாசம் 28 லிட்டர், இன்றைய விலையில் சுமார் 2,800 ரூபாய். மாதத்துக்குச் சுமார் 233 ரூபாய். சரவண பவனில் இரண்டு பேர் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டால் தீர்ந்துபோகும் தொகை. இதற்காகத்தான் பேரப்பிள்ளைகள் வேர்க்குருவோடு ஊர் வந்து சேர்கிறார்கள்.

லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசுவதே கணக்கைக் குழப்புகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரிக், சோல் என்ற இருவர் 2008-இல் 'சயின்ஸ்' இதழில் இதைத்தான் எழுதினார்கள். 10 கொடுக்கிற வண்டியை 12 ஆக்கினால் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பதினாறு, பதினேழு லிட்டர் மிச்சம். 20 கொடுக்கிற வண்டியை 24 ஆக்கினாலோ எட்டு லிட்டர்தான். காதுக்கு இரண்டைவிட நான்கு பெரிதாகக் கேட்கிறது, சட்டைப்பைக்கு அப்படியில்லை. ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்கிறார்கள். நம்மவரிடம் அப்படிக் கேட்டுப் பாருங்கள். 'எவ்வளவு குடிக்குது' என்று கேட்டதாக எடுத்துக்கொண்டு கோபித்துக்கொள்வார்.

அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அவருடைய முதல் சொந்த வண்டி, 1980-இல் ஓசூரிலிருந்து புறப்பட்ட டிவிஎஸ் 50. அதற்கு முன் அப்பாவின் ஸ்கூட்டர். ரிசர்வும் தீர்ந்து நடுரோட்டில் நின்றால் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, அடியில் கிடக்கும் துளியைக் கார்புரேட்டருக்கு வரவழைத்து, வீடு வந்து சேர்ந்த தலைமுறை அது. ஊற்றிவிட்டு மறந்துவிடுங்கள் என்று 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபோது, அவர்கள் ஊற்றினார்கள். மறக்க மட்டும் முடியவில்லை. மாதக் கடைசியில் அரை லிட்டர் போட்டவர்களுக்குப் பெட்ரோல் நூறைத் தாண்டியது விலைச் செய்தி இல்லை, வசை.

அந்த டைரி ஒரு முறை ஜெயிக்கவும் செய்தது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வர ஆரம்பித்ததும், "என்னமோ நடக்குது, ஒரு கிலோமீட்டர் விழுந்துருச்சு" என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதற்கெனச் சீரமைக்கப்படாத பழைய கார்களில் ஆறேழு சதவீதம் குறையலாம் என்று 2021-இலேயே நிதி ஆயோக் அறிக்கை சொல்லியிருந்தது. அறிக்கையை அவர் பார்த்ததில்லை. எல்ஐசி டைரியில் ஏறத்தாழ அதே எண் இருந்தது.

மின்சாரக் காரையும் அவர் விட்டுவைக்கவில்லை. "யூனிட்டுக்கு எவ்வளவு குடுக்குது?" என்று கேட்டுக்கொண்டார். ஆறு, ஏழு என்றதும் கண் விரிந்தது. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் அரசே இலவசமாகத் தருகிறதே என்று விரல் மடக்கினார். 500 யூனிட் தாண்டினால் ஸ்லாப் மாறும் என்று மருமகள் சொன்னதும் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன.

இதுவரை சிரிக்கலாம். அவர் மகளுக்குக் கார் தேர்ந்தெடுக்கப் போன கதையில் சிரிப்பு வரவில்லை. பாதுகாப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய வண்டியை அவள் கேட்டாள். "அது வெயிட்டு, இழுக்காது, பதினேழுதான் குடுக்கும்" என்று இவர் தடுத்து, லேசான வண்டியின் மலிவான ரகத்தை வாங்கிக் கொடுத்தார். இவரைப் போன்றவர்கள் கேட்ட ஒரே கேள்விக்குத்தான் கம்பெனிகளும் பல வருடம் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்தையும் ஏர்பேக் இல்லாத ரகங்களில் மோதவிட்டுப் பார்த்தது. ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம் நட்சத்திரம். நெக்ஸான் 2018-இல் ஐந்து நட்சத்திரம் வாங்கும்வரை இந்தியாவில் தயாராகி இங்கேயே விற்ற எந்தக் காரும் அந்த அமைப்பின் சோதனையில் அதைத் தொடவில்லை. ஓட்டுநருக்கு ஒரு ஏர்பேக் கட்டாயமானதே 2019-இல். பாதுகாப்பும் மைலேஜும் சேராது என்பதும் பொய். 2024-இல் வந்த டிசையர் ஐந்து நட்சத்திரமும் வாங்கியது, அராய் கணக்கில் 24.79-ம் காட்டியது. மகள் வாங்கியது அதற்கு முந்தைய வருடங்களில். அந்த வண்டி நன்றாகத்தான் கொடுக்கிறது. அவள் ராத்திரியில் தனியாக நெடுஞ்சாலையில் வருகிறாள் என்றால் வீட்டில் தூங்காமல் உட்கார்ந்திருப்பவரும் இவர்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மலைப்பாதையில் இறங்கும்போது இவர் கியரை நியூட்ரலில் தள்ளிவிடுவார். உற்சாகம் மிகுந்தால் சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைத்துவிடுவார். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கிற உதவி விசை இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங் கனத்துவிடும், சாவியை முழுக்கத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். நியூட்ரலில் மட்டும் விட்டாலும் எஞ்சின் பிடித்து நிறுத்தாது, பாரமெல்லாம் பிரேக்கின் தலையில். சூடேறினால் அதுவும் கைவிட்டுவிடும்.

பயம் காட்டி அவரை மாற்ற முடியாது. வேறு வழி இருக்கிறது. நியூட்ரலில் உருண்டால் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. இன்றைய வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் இறங்கினால், இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்கச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை மலையேறுவதற்கு முன் உயிரைப் பற்றிப் பேசாதீர்கள். கியரில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று மட்டும் சொல்லுங்கள், உடனே கேட்பார்.