பச்சையைச் சுரண்டிப் பாருங்கள்

கேள்வி: பல்லாண்டுத் தாவரம் என்றால் வருடம் பூராவும் பூக்குமா? அல்லது சாகவே சாகாதா?
— ஒரு வாசகி, கினிகத்தேனை

பதில்: இரண்டும் இல்லை. இரண்டு வருடத்துக்கு மேல் உயிரோடிருந்தால் அந்தப் பட்டம் கிடைத்துவிடும். நெல்லும் போஞ்சியும் ஒரே போகத்தில் கதையை முடித்துக்கொள்பவை. கரட்டுக்கு இரண்டாம் வருடத்தில்தான் பூக்கும் எண்ணம், நாம் விட்டால்தானே! வாழை ஒரு குலையோடு சாய்ந்தாலும் கிழங்கு சாவதில்லை, பக்கக்கன்று வருகிறது. அதுவும் பல்லாண்டுதான்.

உங்கள் ஊரிலிருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? வாசலைத் திறந்தால் தேயிலை! 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டு, இலங்கையில் வணிக அளவில் தொடங்கிய பயிர். வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும் என்பதால் சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறார்கள். இலையெல்லாம் போய் வெறும் குச்சியாக நிற்கும். பார்த்தால் செத்த செடி. ஆனால் வேரில் மாச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. அதைச் செலவழித்துத்தான் மறுபடி துளிர்க்கிறது. வெட்டுமுன் வேரை நறுக்கி அயடின் தடவிப் பார்ப்பதும் உண்டு. கருநீலமானால் சேமிப்பு போதும். இல்லையென்றால் கொழுந்து பறிப்பதை நிறுத்திச் சில வாரம் ஓய்வு. (செடிக்குத்தான், பறிப்பவருக்கு அல்ல.)

ஆகவே வீட்டு ரோஜா காய்ந்ததென்று உடனே பிடுங்கி எறியாதீர்கள். தண்டை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, தண்ணீர் ஊற்றுங்கள்.