பால் பதம்

அதிரசப் பாகுக்குப் பதம் பார்ப்பவர்களை நமக்குத் தெரியும். எங்கள் சித்தப்பா பதம் பார்ப்பது பெயின்ட்டுக்கு. பிளாஸ்டிக் விமான மாடல்களை ஒட்டி, ஏர்பிரஷ்ஷால் வண்ணம் அடிப்பது தன் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்வார். ஒட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். விமானத்துக்கு வண்ணம் அடித்ததைப் பார்த்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் இல்லை.

இந்த இனத்தாரைப் பந்தியிலேயே கண்டுபிடித்துவிடலாம். ரசமோ மோரோ டம்ளரில் ஊற்றினால் உடனே குடிக்க மாட்டார்கள். டம்ளரைச் சாய்த்து, நிமிர்த்தி, ஓரத்தில் படலம் எப்படி வழிகிறது என்று பார்ப்பார்கள். விரல் நகத்தில் கறுப்பு இருக்கும். அவர்கள் வீட்டில் இருமல் மருந்துக்கு மூடி இருக்காது. பெயின்ட் கலக்கப் போயிருக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. குப்பியில் வரும் அக்ரிலிக் பெயின்ட் பெரும்பாலும் தூரிகைக்கு ஏற்ற கெட்டி. ஏர்பிரஷ் நாசிலின் துளையோ 0.3 மில்லிமீட்டர். அதற்குள் போய்ப் புகையாக வெளிவர வேண்டுமென்றால் இளக்கித்தான் ஆகவேண்டும். எவ்வளவு? "பால் மாதிரி" என்பது உலகம் முழுக்க இந்த இனத்தாரின் வேதவாக்கு. எந்தப் பால் என்று எவனும் சொல்லவில்லை. சித்தப்பாவின் துயரம் அங்கேதான் தொடங்கியது.

"கண்ணு, ஆவின்ல நீல பாக்கெட்டுன்னா கொழுப்பு 3 சதவீதம். ஆரஞ்சுன்னா 6. இதுல எது?"

"என்னங்க, காய்ச்சின பாலா காய்ச்சாத பாலான்னும் கேட்டுக்குங்க" என்றார் சித்தி அடுப்படியிலிருந்து. அது கிண்டல் என்று சித்தப்பாவுக்குத் தோன்றவில்லை. "அதானே!" என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டாமியா எக்ஸ்எஃப்-1, மேட் கறுப்பு. இருமல் மருந்து மூடியில் பத்துச் சொட்டு விட்டார். இன்னொரு டிராப்பரில் அதே கம்பெனியின் எக்ஸ்-20ஏ தின்னர். மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். ஏழாவது சொட்டில் காஸ் சிலிண்டர்காரர் மணி அடித்தார். திரும்பி வந்தபோது விட்டது ஏழா எட்டா என்று நினைவில்லை. சந்தேகத்துக்கு இரண்டு சொட்டு பெயின்ட். கெட்டியாகிவிட்டது. மூன்று சொட்டு தின்னர். தண்ணியாகிவிட்டது. சப்பாத்திக்கு மாவு பிசையத் தெரியாதவன் கதைதான். மூடி நிரம்பி, கிண்ணத்துக்கு மாறி, மத்தியானம் பார்த்தால் அரை டம்ளர் கறுப்பு இருந்தது. ஒரு போர்ப்படைக்கே அடிக்கலாம்.

அடிக்க வேண்டிய விமானத்தின் இறக்கையோ நுனிக்கு நுனி சுமார் ஒன்பதரை சென்டிமீட்டர்தான். 1/72 அளவு நேட். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானத்தில் தனியாக எதிரி விமானங்களோடு மோதி உயிர்விட்ட நிர்மல்ஜித் சிங் சேகோன் ஓட்டியது நேட்தான். விமானப் படையில் பரம்வீர் சக்ரா அவருக்கு மட்டுமே கிடைத்திருக்கிறது. அவருடைய 18ஆம் ஸ்குவாட்ரன் 2020இல் சூலூரில், தேஜஸ் விமானங்களோடு மறுபடி உயிர்பெற்றது. அன்று சித்தப்பா வாங்கியதுதான் இந்தப் பெட்டி.

விமானத்தில் நேராக அடித்துவிட முடியுமா? முதலில் பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் அடித்துப் பார்க்க வேண்டும். பெயின்ட் தண்ணியாக இருந்தால் எட்டுக்கால் பூச்சி கால் நீட்டியதுபோல் ஓடும். கெட்டியாக இருந்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். அழுத்தம் 15 பிஎஸ்ஐயா 20ஆ என்று ஒரு சுற்று. சித்திரை வெயிலில் ஊசி முனையிலேயே பெயின்ட் காய்ந்துபோகும். அதற்கு ரிடார்டர் ஒரு சொட்டு. அதைச் சேர்த்தால் பதம் மாறிவிட்டது என்று இன்னொரு ஸ்பூன்.

ஒருமுறை வயெஹோ பெயின்ட்டில் கைவைத்தார். ஸ்பெயின் நாட்டுச் சரக்கு, தண்ணீரில் கரைவது, அதற்கென்றே தின்னர் உண்டு. டாமியாவுக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒத்துக்கொள்கிறதே, இதற்கு மட்டும் என்ன கேடு என்று அதையே ஊற்றினார். கண்ணெதிரே திரண்டு கட்டிகட்டியாக நின்றது. சித்தி எட்டிப் பார்த்தார்.

"பால் மாதிரின்னீங்க. திரிஞ்சு போச்சாட்ட இருக்குதே. எலுமிச்சம்பழம் புழிஞ்சீங்களா?"

ஏர்பிரஷ்ஷைக் கழற்றிக் கழுவ ராத்திரி பத்து மணி ஆனது.

போன வாரம் போயிருந்தேன். அலமாரியில் நேட் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகவே இருந்தது. அதன் கீழ்த்தட்டில் நூறு ஸ்பூன்களாவது இருக்கும். பச்சை, கறுப்பு, வெள்ளி என்று ஒன்றுக்கொன்று இழைத்ததுபோல் அவ்வளவு அழகு. பேத்தியின் பிறந்தநாளுக்கு ஐஸ்க்ரீம் ஸ்பூன் கேட்டதற்கு, "ஒண்ணும் மிச்சமில்லை" என்று கையை விரித்தாராம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் பெருத்த இரைச்சல். மாடிக்கு ஓடினோம். ஒரு தேஜஸ் தாழப் பறந்து சூலூர்ப் பக்கம் சரிந்தது. எனக்குப் புல்லரித்தது. சித்தப்பா நெற்றியில் கைவைத்து, அது புள்ளியாகும்வரை பார்த்தார்.

"மூக்கு வரைக்கும் ஒரே சீரா அடிச்சிருக்கான் பாரு" என்றார். "எத்தனை சொட்டு விட்டிருப்பான்?"