ஏழு வருஷ வாக்குறுதி

பிக்சல் 8-க்கு ஏழு வருஷம் அப்டேட் தருவோம் என்று 2023-இல் கூகுள் சொன்னது. அடுத்த ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்குச் சாம்சங்கும் அதையே சொன்னது. ஐந்து வருஷத்துக்கான தேர்தல் அறிக்கையையே ஆறாம் மாதம் மறந்துவிடும் நமக்கு இது புல்லரிக்கிற செய்திதான். ஆப்பிள் சத்தமில்லாமல் செய்தது: 2013-இல் வந்த ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியில்கூடப் பாதுகாப்பு அப்டேட் வந்தது.

ஆனால் அப்டேட் மூளைக்குத்தான், பேட்டரிக்கு இல்லையே! சிதம்பரத்தில் ஆனித் தேரை நாலு வருஷப் போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். கீழவீதியில் நடராஜர் தேர் கிளம்பும்போது அறுபது சதவீதம். தெற்கு வீதி திரும்புவதற்குள் திரை கறுத்துவிடும். தேர் எப்படியோ நிலைக்கு வந்துவிடுகிறது.

கடலூரில் உப்புக்காற்று வேறு. திருப்பாதிரிப்புலியூர்க் கடைக்காரர் சார்ஜ் போடும் இடத்தைப் பிரஷ்ஷால் சுரண்டி, ஊதி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “சாஃப்ட்வேர் புதுசா இருக்கு சார். இன்னும் மூணு வருஷம் கவலையே இல்ல. போர்டுதான் போயிடுச்சி.”