கல்மண்டபத்துக் கோதிக் இல்லணியியல்

நூற்பா:

கருப்பும் கூர்ப்பும் கந்தலும் அச்சமும்
விருப்பொடு சேர்ப்பது கோதிக் என்ப.

இதன் பொருள்: கருநிறமும், கூர்முனையும், பழையதுபோல் தோன்றும் கிழிசலும், பார்ப்பவர் மனத்தில் லேசான நடுக்கமும் ஆகிய நான்கையும் ஒருவர் தாமே விரும்பித் தம் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் அது கோதிக் அலங்காரம். 'விருப்பொடு' என்றதனால், கேளாமல் வந்து சேர்ந்த கருப்பும் கந்தலும் கோதிக் ஆகா என்பது பெறப்படும். இந்த ஒரு சொல் பின்னால் தேவைப்படும். வாசகர் முந்தானையில் முடிந்துகொள்க. 'என்ப' என்றது, என்று சொல்வர் அறிஞர் என்றவாறு. அவ்வறிஞர் யாரெனின், இதை எழுதுகின்ற யான். ஒருவனாயினும் பலர்பால் வந்தது மரியாதை நோக்கி. சிக்கனம் ஏன் நூற்பாவில் இல்லை எனின், கல்மண்டபத்தில் அது சொல்லாமலே விளங்கும் என்க.

ஆய்வுக்களம், வடசென்னையில் கல்மண்டபம் பஸ் நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சந்து. அங்கே முதல் மாடியில் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. ஆய்வைத் தூண்டியவர், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகள். "எவ்ளோ கருப்பா கீதோ அவ்ளோ கெத்து மாமா" என்பது அவர் முன்வைத்த கருதுகோள். ஆய்வு நல்கை 500 ரூபாய், வழங்கியவர் என் அக்கா. மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்பது நிபந்தனை. பல்கலைக்கழக மானியக் குழுவும் இவ்வளவு கறாராக இருக்காது. எதிர்த்தரப்பு என் அம்மா, அதாவது பெண்ணுக்கு ஆயா. அவர் கையிலிருந்த கருவி ஒட்டடைக் கொம்பு.

முதலில் சொல்லாராய்ச்சி. கோத் என்போர் ஐரோப்பாவின் பழைய குடிகள். அவர்களில் ஒரு கிளையினர் 410-இல் அலாரிக் என்பவர் தலைமையில் ரோமாபுரிக்குள் புகுந்து சூறையாடினார்கள். கூர்வளைவுத் தேவாலயங்களுக்கும் அவர்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பாரிசுக்கு அருகே சான் தெனி மடத்தில் அந்தப் பாணி துளிர்த்த 1140-களில் கோத்துகளின் அரசுகள் மறைந்து நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. பின்னாளில் வசாரி போன்ற இத்தாலியர்கள், தங்களுக்குப் பிடிக்காத வடக்கத்திக் கட்டடங்களைக் காட்டுமிராண்டி வேலை என்று திட்டுவதற்காக அந்தப் பெயரை ஒட்டினார்கள். ஆக, கோதிக் என்பது வடக்கே இருந்தவர்களின் கைவேலைக்குத் தெற்கே இருந்தவர்கள் வைத்த வசவு. வடசென்னைக்காரர்களுக்கு இதற்கு மேல் உரை தேவையில்லை.

கூர்ப்பு

நூற்பாவில் கருப்பு முந்தி நிற்கக் கூர்ப்பை முதலில் எடுத்தது என்னை எனின், பெயிண்ட் வாங்கப் போன பையன் வரவில்லை.

இங்கே ஒரு பெரிய தடை உண்டு. ஊரின் பெயரே கல்மண்டபம். நம் மண்டபம் என்பது நட்ட தூணும் அதன்மேல் கிடத்திய உத்தரமும். அதில் வளைவுக்கு வேலையே இல்லை. வளைவு பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும், அது உறங்குவதே இல்லை என்பது இந்நாட்டுக் கொத்தர்களின் எண்ணம் என்று கட்டடக்கலை வரலாறு எழுதிய ஜேம்ஸ் பெர்குசன் குறித்து வைத்திருக்கிறார். பக்கத்திலிருக்கும் ராயபுரம் ரயில் நிலையமாவது கைகொடுக்குமா என்று போய்ப் பார்த்தேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் புறப்பட்ட இடம் அது. ஆனால் நிற்பவை உருண்டைத் தூண்கள், ரோமானிய மோஸ்தர். அசல் மறுமலர்ச்சிக் கோதிக் வேண்டுமென்றால் 1896-இல் எழுந்த சாந்தோம் தேவாலயத்துக்குப் போகவேண்டும். பஸ் செலவு நல்கையில் கைவைக்கும் என்பதால் கள ஆய்வு கைவிடப்பட்டது.

கூர்வளைவு வரைவது அப்படியொன்றும் தேவ ரகசியமில்லை. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரிக்கவேண்டும். இரண்டடி அகலத்துக்கு ஒரு கோடு. கோட்டின் இடது முனையில் ஆணி, ஆணியில் இரண்டடி நூல், நூல் நுனியில் பென்சில்; வலது முனையிலிருந்து மேல்நோக்கி ஒரு வில் இழுக்கவேண்டும். பிறகு ஆணியை வலது முனைக்கு மாற்றி, இடமிருந்து இன்னொரு வில். இரண்டும் முட்டும் இடம் கூர்முனை. நடுவில் ஒரே ஆணியடித்துச் சுற்றினால் வெறும் அரைவட்டம்தான் வரும், அது ரோமானியம். ஓர் ஆணிக்கும் இரண்டு ஆணிக்கும் உள்ள தூரம்தான் ரோமுக்கும் கோத்துக்கும் உள்ள தூரம். கீழ்வீட்டில் கொத்து வேலை பார்க்கும் மேஸ்திரி ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "நூலு தொய்யுது சார்" என்றார். இந்த ஆய்வுக்குக் கிடைத்த ஒரே அயல் மதிப்புரை அதுதான்.

கந்தல்

காசில்லாமல் கோதிக் செய்வது ஏழைகளின் குறுக்குவழி என்று யாரும் எண்ணவேண்டாம். அதைத் தொடங்கிவைத்தவர் இங்கிலாந்துப் பிரதமரின் மகன். ஹோரஸ் வால்போல் என்பவர் லண்டனுக்கு வெளியே ட்விக்கன்ஹாமில், ஸ்ட்ராபெரி ஹில் என்ற வீட்டை 1749 தொடங்கி கோதிக் கோட்டையாக மாற்ற ஆரம்பித்தார். வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் ஏழாம் ஹென்றியின் சிற்றாலயம் இருக்கிறதே, அதன் விசிறிக் கூரை அவருக்குக் கண்ணுக்குள்ளேயே நின்றது. கல்லில் கொத்தினால் எந்தக் காலத்தில் முடியும்? தம் நீளக்கூடத்துக் கூரையில் காகிதக் கூழால் அதேபோல் செய்து ஒட்டிவிட்டார். அந்த வீட்டில் கண்ட ஒரு கனவிலிருந்து 1764-இல் ஒரு பேய்க்கோட்டை நாவலும் எழுதினார். திகில் இலக்கியத்தின் வம்சாவளி அங்கே தொடங்குகிறது என்பார்கள். ஆக, உலகத்துப் பேய்பங்களாக்கள் அத்தனைக்கும் மூதாதை காகிதக் கூழ்.

காகிதக் கூழ் என்றால் நம் வீடுகளில் என்ன? பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் ஆட்டி, ஓட்டை விழுந்த முறத்திலும் மூங்கில் கூடையிலும் மெழுகிக் காயவைப்பது. வால்போல் செய்ததும் இதுவே. முறத்துக்குப் பதில் கூரை. நான் புத்தகப் படிப்போடு மைதா பசை காய்ச்சிக்கொண்டிருந்தபோது எதிர்த்தரப்பு முதன்முறையாக வாய் திறந்தது.

"மைதாவாடா போடுற? கரப்பான் கல்யாண வூடு மாறி வந்து குந்திக்கும். வெந்தயம் போடு, கசப்புக்கு ஒண்ணும் கிட்ட வராது."

பூச்சியியல் நோக்கில் மறுக்கவியலாத வாதம். ஆனாலும் பாதி மைதா, பாதி வெந்தயக் கூழ் என்று சமரசம் ஆனது. கூழைக் கயிறுபோலத் திரித்து அட்டை வளைவின் விளிம்பில் ஒட்டினால், காய்ந்தபிறகு கல்லில் செதுக்கிய கொடிபோலவே இருந்தது. மூன்றடி தள்ளி நின்று பார்க்கவேண்டும். ஸ்ட்ராபெரி ஹில்லிலும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சட்டங்கள் காயலான் கடையில் கிடைத்தன. ஒரு காலத்தில் யாருடைய கல்யாணப் போட்டோவையோ தாங்கிய இரண்டு மரச் சட்டங்களுக்குக் கடைக்காரர் 200 சொல்லி 100-க்கு வந்தார். செயற்கை நூலாம்படை பாக்கெட்டில் விற்கிறதாம், பெண் போனில் காட்டினாள். எங்கள் பரணில் இயற்கை நூலாம்படை போதுமான அளவு இருப்பு இருந்தது. ஆய்வுத் தேவைக்காக அதைக் கலைக்கவேண்டாம் என்று விண்ணப்பித்தேன். மறுநாள் காலை ஒட்டடைக் கொம்பு தன் கடமையைச் செய்திருந்தது.

கருப்பு

பெயிண்ட் வந்தது. அரை லிட்டர் எனாமல். பெண்ணின் ஆசை நான்கு சுவருக்கும் அடிப்பது. கருஞ்சுவர் வெளிச்சத்தை விழுங்கும், இரண்டு பல்பு கூடுதலாக எரியவேண்டும், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற எல்லையைத் தாண்டினால் நல்கை வழங்கியவருக்கு யார் பதில் சொல்வது? வளைவுக்கும் சட்டங்களுக்கும் ஒரு மர அலமாரிக்கும் மட்டும் கருப்பு என்று தீர்ப்பானது. மாடிப்படியில் உலரவைத்த அலமாரியைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "இன்னா சார், அய்யப்பனுக்கா, பெரியாருக்கா?" என்று கேட்டார். மாலை போட்டவர் வேட்டிக்கும் 1945-இல் எழுந்த கருஞ்சட்டைப் படைக்கும் இடையே தமிழ்நாட்டில் கருப்பு ஏற்கெனவே நெருக்கடியாகத்தான் வாழ்கிறது. மூன்றாவதாக ஒரு பொருளுக்கு அங்கே இடம் தேடுவது சிரமம்.

இனி, முந்தானையில் முடிந்ததை அவிழ்க்கலாம்.

உலகத்தில் கோதிக் விரும்பிகள் காசு கொடுத்து வாங்கும் கருப்பு, இந்தப் பகுதிக்குப் பல ஆண்டுகள் வாசல் தேடி இலவசமாக வந்தது. துறைமுகத்தில் நிலக்கரியைத் திறந்த வெளியில் மலையாகக் குவித்து இறக்கினார்கள். அது ஜவஹர் டாக் பக்கம். இரும்புத் தாது பாரதி டாக்கில். கவிஞர் பெயரில் செம்புழுதி, பிரதமர் பெயரில் கரும்புழுதி. மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்தால் இரண்டும் கலந்து ஊருக்குள் வரும். ராயபுரத்துச் சுவர்கள் எந்தக் கட்சியிலும் உறுப்பினராகாமலே கருப்பு சிவப்பாயின. கொடியில் காயும் வெள்ளை வேட்டி, மூடாத தண்ணீர்க் குடம், ஜன்னல் கம்பி, பிள்ளைகளின் மூக்கு என எதிலும் பாரபட்சம் கிடையாது. வழக்குப் போயிற்று. உயர் நீதிமன்றம் 2011-இல் தடுத்தது. அந்த ஆண்டு அக்டோபரோடு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் தாதுவும் நின்றன. நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் போனது. அங்கே யார் ஜன்னலைத் துடைக்கிறார்கள் என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று எழுதவே கை வந்தது. ஆனால் அப்பாற்பட்டது இல்லை, பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்.

எனவே கோதிக் அலங்காரத்தின் செலவை மேலை நாட்டார் கணக்கிடும் முறை இவ்வூருக்குப் பொருந்தாது. அவர்களுக்குக் கருப்பைக் கொண்டுவர ஆகும் தொகை செலவு. இங்கே செலவெல்லாம் அதைப் போக்குவதற்கு: சுண்ணாம்பு, சோப்பு, பழைய துணி, ஒருத்தியின் காலை நேரம். 'விருப்பொடு' இல்லாத கோதிக்கை நாள்தோறும் துடைத்தெறிந்த பெண்கள் இந்தத் தெருக்களில் ஏராளம். அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஜன்னல் திண்டில் ஒரு விரலை ஓட்டி, விரலைத் திருப்பிப் பார்ப்பார்கள். என் அம்மாவும் பார்ப்பார். பெண் பார்க்கப் போன வீட்டில்கூடப் பார்த்திருக்கிறார். அதனால் ஒரு வரன் தட்டியும் போயிருக்கிறது. 2011-இல் அக்கா மகளுக்கு ஐந்து வயது. அவள் நினைவில் கருப்பு என்பது டப்பாவில் வரும் ஒரு நிறம்.

அச்சம்

இந்த இயல் தோல்வியில் முடிந்தது, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

கோதிக்குக்கு மண்டையோடு இன்றியமையாதது. ஆனால் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் மின்வாரியம் மண்டையோட்டை மாட்டிவைத்திருக்கிறது. அதனடியில் ஒருவர் தினமும் சைக்கிளை நிறுத்திவிட்டு டீ குடிக்கிறார். அங்காளம்மனைக் கும்பிடுகிற பக்தர்கள் மாசி அமாவாசையை ஒட்டி மயானக் கொள்ளைக்குக் காளி வேடமிட்டுச் சுடுகாட்டுக்குப் போகிறார்கள். சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலத்தை இறக்கிவைத்தவள் அந்த அம்மன். இந்த ஊரில் பிளாஸ்டிக் மண்டையோட்டைக் கண்டு யார் நடுங்கப்போகிறார்கள்? காக்கையும் அப்படியே. அமெரிக்கக் கவிஞர் போ 1845-இல் ஓர் அண்டங்காக்கையை அறைக்குள் விட்டு உலகையே நடுங்கவைத்தார். நாம் அமாவாசைதோறும் 'கா கா' என்று கூப்பிட்டுச் சோறு வைக்கிறோம்; வராவிட்டால்தான் பயப்படுகிறோம்.

இருந்தும் ஒரு கண்டுபிடிப்பு உண்டு. காசிமேட்டில் மீன் வெட்டுகிற அம்மாவிடம் கெளுத்தித் தலை ஒன்றைக் கேட்டு வாங்கினேன், காசு வாங்கவில்லை. கடல் கெளுத்தியின் மண்டையோட்டை வேகவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, மாடியில் உலர்த்திக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்க எலும்பு சிலுவை வடிவில் இருக்கும். அமெரிக்கக் கடற்கரைகளில் இதைச் சிலுவை மீன் என்று பெயரிட்டு விற்கிறார்கள். குலுக்கினால் உள்ளே இருக்கும் செவிக்கற்கள் கடகடக்கும். இயேசுவின் சீடரும் மீனவருமான ராயப்பரின் பெயரால் ராயபுரம் ஆன ஊரில், மீன் தலைக்குள் சிலுவை! ஆய்வாளன் வாழ்வில் இத்தகைய தருணம் ஒருமுறைதான் வரும். (கடல் விசிறியும் அழகாக இருக்குமே என்று ஆசைப்படுவோர் கவனிக்க: அது 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, புலிக்குச் சமம்.) மண்டையோடு அலமாரி மேல் ஏறியது. மூன்று நாள் வெயில் போதவில்லை என்பதை இரவு பதினொரு மணிக்கு மூக்கு அறிவித்தது. மீண்டும் மாடிக்கு அனுப்பப்பட்டு, இன்னும் இரண்டு நாள் காய்ந்து திரும்பியது.

கணக்கு: பெயிண்ட் 170, சார்ட் அட்டை 40, மைதா 15, சட்டங்கள் 100, வாசலில் கட்ட எலுமிச்சை மிளகாய் 10. கடைசியது எதிர்த்தரப்பின் திருத்தத் தீர்மானம். ஆக 335. மீதி 165 அக்காவிடம் ஒப்படைக்கப்பட்டது.

எல்லாம் மாட்டி முடித்த மாலையில் அம்மா அறைக்குள் வந்தார். ஜன்னலைச் சுற்றிக் கருப்பு வளைவு, கருப்புச் சட்டத்துக்குள் வெறும் கண்ணாடி, அலமாரி மேல் கெளுத்தி.

"இன்னாடி இது, எழவு வூடு மாறிக் கீது."

"கெத்தா கீதா இல்லியா ஆயா?"

அம்மா பதில் சொல்லவில்லை. ஜன்னலிடம் போய், வளைவின் மேல் ஒரு விரலை ஓட்டினார், அடியிலிருந்து கூர்முனை வரைக்கும். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஒட்டல" என்றார்.