பிரஷர் யாருக்கு அதிகம்?

கேள்வி: டென்ஷன் அதிகம் கலெக்டருக்கா, கிளார்க்குக்கா?
(கலெக்டர் ஆபீஸ் ஊழியர், வேங்கிக்கால்)

கிளார்க்குக்குத்தான் என்கிறது லண்டன். அங்கே அரசு ஊழியர்களிடம் 1967-ல் தொடங்கிய 'ஒயிட்ஹால்' ஆய்வில், மேலதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களே மாரடைப்பால் அதிகம் இறந்தார்கள். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் தீரவில்லை. தன் வேலை தன் கையில் இல்லாததும் ஒரு காரணம் என்றது 1985-ல் தொடங்கிய அடுத்த ஆய்வு. ஃபைலைக் கீழே தள்ளிவிட மேலே இருப்பவருக்கு வழியுண்டு. கீழே இருப்பவர் எங்கே தள்ளுவார்?

கேள்வி: கவலை மனசில்தானே? உடம்பு ஏன் கெடுகிறது?

உடம்புக்கு நாய் துரத்துவதும் கடன்காரர் துரத்துவதும் ஒன்றுதான். இரண்டுக்கும் அட்ரினலின், கார்ட்டிசால் சுரந்து, துடிப்பும் சர்க்கரையும் ஏறும். நாய் தெருமுனையில் நின்றுவிடும், தவணை நிற்காது. கார்ட்டிசால் மாதக்கணக்கில் இறங்காவிட்டால் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொப்பை, தூக்கமின்மை, மறதி, மனச்சோர்வு எல்லாம் வரிசையில் வரலாம்.

கேள்வி: டென்ஷனே இல்லாமல் வாழ முடியாதா?

எதற்கு? பரீட்சைக்கு முதல் நாள் கொஞ்சம் பயம் இருந்தால்தான் பையன் புத்தகத்தைத் திறப்பான். வந்து போகும் டென்ஷன் விருந்தாளி. குடியேறினால்தான் ஆபத்து.

கேள்வி: டென்ஷன் குறைய ஒரு தம் போடுகிறேன். தப்பா?

நிகோட்டின் துடிப்பையும் பிரஷரையும் ஏற்றும். அடுத்த சிகரெட் எப்போது என்ற தவிப்பு தனி. அது குறைப்பது, அதுவே கொடுத்த டென்ஷனைத்தான்.

கேள்வி: பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போனால் மனபாரம் குறையுமா?

14 கி.மீ. நடை, குறையும். வண்டி நிறுத்த இடம் தேடும்போது கொஞ்சம் ஏறும்! உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம். தினம் அரை மணி, ஐந்து நாள் நடந்தால் கணக்கு சரி. மலை பௌர்ணமிக்கு மட்டும் வருவதில்லையே!

கேள்வி: கணவர் தூங்குவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். டாக்டர் என்றால் "நான் என்ன பைத்தியமா?" என்கிறார்.
(இல்லத்தரசி, வேங்கிக்கால்)

பிரஷர் பார்க்கத்தான் என்று ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். பொய்யில்லை, அதையும் பார்க்கத்தான் வேண்டும். தூக்கமும் எரிச்சலும் இரண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால் 14416-க்குப் பேசச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் அது, பெயர் டெலி மானஸ். இரவு பகல் உண்டு, தமிழிலும் உண்டு, கட்டணம் இல்லை. நெஞ்சு வலித்தால் மட்டும் யோசிக்காமல் 108.